நாற்காலி மாறினால் நாடு மாறுமா?

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்திக்கு உதவித்தொகை பெற வருமானச் சான்று தேவைப்பட்டது. தந்தை இல்லாத பெண். தாய் செங்கற் சூளையில் கல் சுமப்பவர். எழுதப் படிக்க அறியாத அந்த அம்மையாருக்குத் துணையாக யாம் ஓர் அலுவலகத்தின் படியேறினோம். அங்கிருந்தவர் தாளைப் புரட்டினார், எம்மைப் பார்த்தார், பிறகு அம்மையாரைப் பார்த்து, "முந்நூறு" என்றார். ரசீது இல்லாத முந்நூறு! யாம் வெகுண்டோம். மேலதிகாரிக்கு எழுதினோம். இரண்டு திங்கள் கழித்து, அவர் வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டார் என்ற செய்தி வந்தது. வென்றோம் என்று மகிழ்ந்தோம்.

மறு ஆண்டும் அதே சான்று தேவைப்பட்டது. அதே தாயுடன் அதே படியேறினோம். நாற்காலியில் புதியவர் இருந்தார். இன்முகம் காட்டினார். அம்மையாரை அமரச் சொன்னார். ஊர், பேர் கேட்டார். எல்லாம் கேட்டபின், "ஐந்நூறு" என்றார்.

ஆள் மாறினார், விலை ஏறிற்று. இதைத்தான் யாம் ஓராண்டுக் காலம் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தோம்!

இந்த நிகழ்ச்சியோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. ஜூலை 15, காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்படுவதை அறிவீர்கள். அந்நாளின் பேச்சுப் போட்டிக்கு அந்தப் பெண்ணே பெயர் கொடுத்திருந்தாள். காமராசர் திட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு எம்மிடம் வந்து கேட்டாள்: "ஐயா, ஒரே நாளில் ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினார்களாமே, அவர்களெல்லாரும் தவறு செய்தவர்களா?"

எளிய கேள்வி. ஆனால் ஒரு சொல்லில் விடை சொல்ல எம்மால் இயலவில்லை. 'ஆம்' என்றால் பொய். 'இல்லை' என்றாலும் முழு மெய்யன்று. பிறகு ஏன் விலகினார்கள், விலகியதால் எது தூய்மையாயிற்று என்று எம்மை யாமே கேட்டுக்கொண்டதன் விளைவே இத்திறனாய்வு.

திட்டம் பிறந்த வேளை

1963ஆம் ஆண்டை நினைவிற்குக் கொண்டு வாருங்கள். சீனத்தோடு நடந்த போரின் புண் ஆறவில்லை. பாதுகாப்பு அமைச்சராயிருந்த கிருஷ்ண மேனன் 1962 நவம்பரில் பதவியிழந்தார். அடுத்த மே திங்களில் நடந்த இடைத்தேர்தல்களில் அம்ரோகாவில் ஆச்சாரிய கிருபளானி, பரூக்காபாத்தில் ராம் மனோகர் லோகியா, ராஜ்கோட்டில் மினு மசானி என எதிர்க்கட்சிப் பெருந்தலைகள் மூவர் வென்று மக்களவைக்குள் நுழைந்தனர். ஜூன் திங்களில் சுரங்க, எரிபொருள் அமைச்சர் கே.டி. மாளவியா விலகினார். ஒரிசாவின் சுரங்க முதலாளி ஒருவரிடம் தேர்தல் செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கித் தந்தார் என்பது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு. ஆகஸ்டில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கிருபளானி கொண்டு வந்தார். நாட்டின் ஏழை நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறான் என்று லோகியா முழங்கியது அந்த விவாதத்திலேதான். ஆகஸ்ட் 22ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 62, எதிர்ப்பு 347. அவையிலே அரசு வென்றது, அங்காடியிலே தோற்றுக்கொண்டிருந்தது.

இந்த வேளையில் எழுந்தது காமராசர் திட்டம். மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 10ஆம் நாள் அகில இந்தியக் காங்கிரஸ் குழு அதை ஏற்றது. அமைச்சர்களும் முதலமைச்சர்களும் பதவி விலகல் மடல்களைக் கொடுத்தனர். எவரை விடுவிப்பது, எவரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை தலைமை அமைச்சர் நேருவிடம் ஒப்படைக்கப்பட்டது. வாக்கெடுப்பு முடிந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 24 அன்று, பட்டியல் வெளிவந்தது.

மத்திய அமைச்சரவையிலிருந்து மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன்ராம், எஸ்.கே. பாட்டீல், கோபால ரெட்டி, ஸ்ரீமாலி ஆகிய அறுவர். மாநிலங்களிலிருந்து சென்னையின் காமராசர், ஒரிசாவின் பிஜு பட்நாயக், காஷ்மீரின் பக்ஷி குலாம் முகமது, பீகாரின் வினோதானந்த ஜா, உத்தரப் பிரதேசத்தின் சந்திரபானு குப்தா, மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லாய் ஆகிய அறுவர். நாடே வியந்தது. ஏடுகள் தியாகம் என்று எழுதின. தூய்மை பிறக்கப்போகிறது என்று பலர் நம்பினர்.

நம்பியதில் தவறில்லை. நம்பிக்கைக்கு அடிப்படை இருந்ததா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

காரணம் எழுதப்படாத ஓலை

முதற்குறை இது. பன்னிருவரில் ஒருவருக்கேனும் 'இந்தக் காரணத்தால் விலகுகிறீர்' என்று சொல்லப்படவில்லை. அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தூயவர் என்று எதிரியும் ஒப்பிய சாஸ்திரியும், ஊழல் குற்றச்சாட்டுகள் சூழ நின்ற பக்ஷியும் ஒரே பட்டியலில் ஒரே நாளில் இடம்பெற்றனர். குற்றமற்றவர்மீது, 'ஏதோ இருந்திருக்கும்' என்ற நிழல் விழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தோளிலோ தியாக மாலை விழுந்தது! பக்ஷிமீதான குற்றச்சாட்டுகளை ஆராய நீதிபதி இராசகோபால அய்யங்கார் ஆணையம் 1965இல்தான் அமைந்தது. அறிக்கை 1967இல் வந்தது. குற்றச்சாட்டுகளில் சில மெய்ப்பட்டன. விசாரணையால் வீழ்ந்திருக்க வேண்டியவரை விருந்து வைத்து வழியனுப்பிய கதை இது.

வகுப்பறையில் ஒரு மாணவனை எழுப்பி வெளியே நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லாமல் நிறுத்தினால் அவன் திருந்துவானா? மற்றவர்கள் பாடம் கற்பார்களா? ஆசிரியரின் மனநிலை இன்று சரியில்லை என்பதைத் தவிர வேறெதையும் வகுப்பு கற்காது. காரணம் சொல்லாத தண்டனை தண்டனையும் ஆகாது. காரணம் சொல்லாத மன்னிப்பு மன்னிப்பும் ஆகாது.

உள்ளே வந்தவரும் உள்ளேயே இருந்தவரும்

வெளியே போனவர்களைப் பற்றியே எல்லோரும் எழுதினர். உள்ளே வந்தவரை எத்தனை பேர் உற்று நோக்கினர்?

மொரார்ஜி விட்டுச்சென்ற நிதித்துறை டி.டி. கிருஷ்ணமாச்சாரியிடம் வந்தது. அவருக்கு அது புதிய நாற்காலியன்று. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் அரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் கொட்டப்பட்டபோது அவரே நிதியமைச்சர். அந்தச் செயலை மக்களவையில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. தலைமை அமைச்சரின் மருமகன், ஆளுங்கட்சி உறுப்பினர். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் கண்முன்னே விசாரணை நடத்தி விரைந்து முடித்தார். அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்றார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார். ஐந்தாண்டு கழிந்து, கட்சியைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட திட்டம் அவருக்கு அதே துறையை மீண்டும் வழங்கியது. அவர் இரண்டாம் முறை விலகியதும் குற்றச்சாட்டுகளின் நடுவேதான். 1965ஆம் ஆண்டின் கடைசி நாள் அது.

அவர் தனிப்பட்ட முறையில் கையூட்டு வாங்கியவர் என்று யாம் சொல்லவில்லை, சாக்ளாவும் சொல்லவில்லை. யாம் சொல்வது வேறு. பொறுப்பேற்று விலகியவர் திரும்பி வரும்போது, 'இன்ன காரணத்தால் அந்தப் பொறுப்பு தீர்ந்தது' என்று நாட்டுக்கு ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டாவா?

உள்ளேயே இருந்தவரைப் பார்ப்போம். பஞ்சாப் முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோன்மீது அப்போதே புகார்கள் மலைபோல் குவிந்திருந்தன. பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த நவம்பரில் நீதிபதி எஸ்.ஆர். தாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. நேரு மறைந்தபின், 1964 ஜூனில் அறிக்கை வந்தது, சில குற்றச்சாட்டுகள் மெய் என்றது, கைரோன் விலகினார். ஆக, விலக வேண்டியவரை விலக்கியது திட்டமன்று, விசாரணை. இந்த ஒரு வேற்றுமையைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை தாமே விளங்கும்.

விசாரணையிலும் இருவகை உண்டு. சாக்ளாவின் விசாரணை ஊரறிய நடந்தது; அதனால் உண்மை ஊருக்குச் சொந்தமாயிற்று. மாளவியாவைப் பற்றிய நீதிபதியின் அறிக்கையோ மூடிய உறைக்குள்ளேயே தங்கிற்று. முன்னது மருந்து, பின்னது மருந்துச் சீட்டைப் பூட்டி வைத்த பெட்டி.

பெரியவரைப் பழிக்கவோ யாம் எழுதுகிறோம்?

இல்லை. காமராசர் தமக்கெனச் சொத்துச் சேர்க்காதவர். மூடிய பள்ளிகளைத் திறந்தவர். பசித்த பிள்ளைக்குப் பகலுணவு இட்டவர். அவர் போட்ட சாலையில் நடந்துதான் எம்போன்றோரின் பாட்டன்மார் பள்ளிக்குப் போயினர். தாம் வகுத்த திட்டத்துக்குத் தாமே முதற்பலியாகி, 1963 அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியை விட்டிறங்கினார். நாட்டில் எத்தனை பேருக்கு அந்த நெஞ்சுரம் உண்டு? அவர் விலகலாகாது என்று தந்தை பெரியார் விரும்பியதும் அந்தத் தூய்மையை அறிந்ததனால்தான்.

ஆனால் அன்பர்களே, தலைவரின் தூய்மை வேறு. திட்டத்தின் தகுதி வேறு. தூயவர் கையெழுத்திட்டார் என்பதற்காகக் கணக்கு சரியாகிவிடாது. தூயவர் விலகினார், துறைகள் அப்படியே இருந்தன. விலகியவர்களும் நெடுநாள் விலகியிருக்கவில்லை. சாஸ்திரி 1964 சனவரியில் திரும்பினார். ஜூனில் தலைமை அமைச்சரானார். ஜெகஜீவன்ராம் 1966இல் அமைச்சரானார். மொரார்ஜி 1967இல் துணைத் தலைமை அமைச்சர். 1977இல் தலைமை அமைச்சர். கட்சிப் பணிக்கென்று போனவர்கள் கட்சியை வளர்த்தார்களா? 1967 தேர்தல் விடை சொல்லிற்று. பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியிழந்தது. சென்னை மாநிலம் கை நழுவியது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். கட்சிக்காக முதலமைச்சர் பதவியையே கொடுத்தவருக்குக் கட்சியும் மிஞ்சவில்லை, தொகுதியும் மிஞ்சவில்லை. இதைச் சொல்லும்போது எமக்கு மகிழ்ச்சியில்லை.

ஓசையில்லாமல் நடந்த வேலை

திட்டத்தின் முழக்கத்துக்கு நடுவே, அதே காலத்தில் மற்றொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கு மாலையில்லை, மேடையில்லை. ஊழல் தடுப்பைப் பற்றி ஆராய, 1962இல் உள்துறை அமைச்சராயிருந்த சாஸ்திரி தமிழரான கே. சந்தானம் தலைமையில் ஒரு குழுவை அமைத்திருந்தார். அக்குழு 1964 மார்ச் 31 அன்று அறிக்கை தந்தது.

அந்த அறிக்கை 'திருடனைப் பிடி' என்று மட்டும் சொல்லவில்லை. திருட்டு எங்கே முளைக்கிறது என்று தோண்டிப் பார்த்தது. நான்கு வேர்களைக் காட்டிற்று. அலுவலகத்தில் ஏற்படும் காலத்தாழ்வு ஒன்று. தன்னால் ஆளமுடியாத அளவுக்கு அரசு வேலைகளைத் தலைமேல் ஏற்றிக்கொள்வது இரண்டு. அதிகாரிகளின் சொந்த விருப்பத்துக்கு விடப்பட்ட அதிகாரம் மூன்று. மக்கள் நாள்தோறும் கடக்க வேண்டிய வழிமுறைகளின் சிக்கல் நான்கு. முறையற்ற காரியத்துக்காக மட்டுமன்று, முறையான காரியத்தை விரைவாக முடிக்கவும் மக்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று கண்டு, அதை 'விரைவுப் பணம்' என்று பெயரிட்டுச் சொல்லிற்று.

சூளையில் கல் சுமந்த தாயிடம் கேட்கப்பட்ட ஐந்நூறு அதுதானே? அவர் பொய்ச்சான்று கேட்கவில்லை, மெய்ச்சான்று கேட்டார். உரிமையை விலைக்கு வாங்கச் சொன்னார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஏட்டில் நேற்று நாம் கண்ட காட்சி இருக்கிறது என்றால், ஏட்டை எழுதியவர் அறிவாளி. ஏட்டைப் படித்துவிட்டு மூடி வைத்தவர்கள் யார்?

முழுவதும் மூடி வைத்தார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. 1964 பிப்ரவரியிலேயே மத்திய விழிப்புக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஏப்ரலில் மத்தியப் புலனாய்வுத் துறை தோன்றியிருந்தது. ஆனால் அறிக்கையின் கூர்முனை எது? அமைச்சர்களைப் பற்றிய பகுதி. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் பதின்மர் கூடி எழுத்தில் புகார் கொடுத்தால், அமைச்சரானாலும் சார்பற்ற குழுவொன்று விசாரிக்க வேண்டும் என்றது சந்தானம் குழு. அந்த முனை மழுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 1964 அக்டோபரில் அமைச்சர்களுக்கான நடத்தை நெறி வந்தது. நெறியை மீறியவரை எவர் கேட்பது? தலைமை அமைச்சர் அல்லது முதலமைச்சர்! அதாவது மீண்டும் அதே கை, அதே பட்டியல், அதே மௌனம். விழிப்புக் குழுவோ அமைச்சரை நோக்கி விழிக்கக் கூடாது. அதிகாரியைப் பற்றியும் ஆலோசனைதான் சொல்லலாம்.

கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதைத் தடுக்க வேண்டும் என்றும் அக்குழு சொன்னது. 1969இல் தடை வந்தது; 1985இல் தளர்ந்தது; பின்னாளில் கொடுத்தவர் பெயரையே மறைக்கும் தேர்தல் பத்திரமாக உருமாறியது; 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. லோக்பால் மசோதா முதலில் வந்தது 1968இல். சட்டமாக நிறைவேறியது 2013இல். முதல் தலைவர் அமர்ந்தது 2019இல். விழிப்புக் குழுவுக்குச் சட்டத்தின் வலிமை 2003இல்தான் கிட்டியது. பன்னிரண்டு பேரை மாற்றப் பதினைந்து நாள் போதுமாயிருந்தது. ஒரு சட்டத்தை நிறைவேற்ற நாற்பத்தைந்து ஆண்டு தேவைப்பட்டது!

நம் வீட்டுக் கூரை

அடுத்த வீட்டு ஓட்டையை எண்ணுபவன் தன் கூரையையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். 1973இல் தமிழக சட்டமன்றம் முதலமைச்சர் உள்ளிட்ட பொதுவாழ்வினரின் குற்ற நடத்தையை விசாரிக்கத் தனிச்சட்டம் இயற்றியது. டில்லி செய்யத் தயங்கியதைச் சென்னை செய்தது என்று பெருமை கொள்ளலாம். ஆனால் இயற்றியவர்களின் ஆட்சிமீதே 1976இல் சர்க்காரியா ஆணையம் அமர்ந்ததும், அடுத்து வந்த ஆட்சி 1977இல் அச்சட்டத்தையே நீக்கியதும் வரலாறுதான். அதன்பின் 2018 வரை இங்கே லோக் ஆயுக்தா சட்டம் இல்லை. கொடி எந்த நிறமாயினும், தன்னைக் கேட்கும் வாயைத் தானே படைக்க ஆட்சிகள் விரும்புவதில்லை. மக்கள் கேட்டுப் பெற்றாலன்றி அது கிடைக்காது.

பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூரைக் காட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் ஆண்டினது. அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கு மட்டுமே திறந்த சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே குடவோலை இல்லை. அதை மக்களாட்சி என்று யாம் கொண்டாட மாட்டோம். ஆயினும் அதிலே ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய குறிப்பிட்ட உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். தகுதியின்மைக்குக் காரணம் கல்லிலே வெட்டப்பட்டிருந்தது. எவர் விருப்பத்துக்கும் விடப்படவில்லை. உயர்ந்தோர் தமக்குள்ளே வைத்துக்கொண்ட அந்த விதியை எல்லோருக்கும் பொதுவாக்குவதுதான் மக்களாட்சியின் வேலை. வள்ளுவரும் ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தேர்ந்தபின் அவன் வினையைக் கண்காணிப்பதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நாம் முதல் அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு விடை

ஆகவே, அமைச்சரவை மாறப்போகிறது, ஊழல் ஒழியப்போகிறது என்று எந்தத் தலைவர் எந்த நாளில் முழங்கினாலும், கைதட்டுமுன் நான்கு கேள்விகள் கேட்போம். விலகுபவர் ஏன் விலகுகிறார் என்று எழுதித் தருகிறீர்களா? வருபவரின் பழைய கணக்கு தீர்ந்ததா? விசாரிப்பவர் உம் கைக்கு அப்பாற்பட்டவரா? அலுவலகத்தில் ஏழையின் தாள் எத்தனை நாளில் நகரும் என்று விதித்தீர்களா? நான்கிற்கும் விடையிருந்தால் அது சீர்திருத்தம். இல்லையேல் அது நாற்காலி விளையாட்டு. இசை நிற்கும்போது ஒருவர் வெளியேறுவார், விளையாட்டு தொடரும்.

இவற்றையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். "விலகியவர்கள் எல்லாரும் தவறு செய்தவர்களல்லர், அம்மா. யார் செய்தார், யார் செய்யவில்லை என்று நாம் அறியாதபடி அது நடந்தது. அதுதான் தவறு" என்றோம். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அந்த ஐந்நூறை அம்மா கொடுத்துவிட்டாங்க ஐயா" என்றாள்.

யாம் அறிவோம். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கியிருந்தது. அன்று அந்த அறையில் யாமும்தான் நின்றோம், தடுக்கவில்லை. முந்திய ஆண்டு ஆள்மாற்றத்தைக் கேட்டுப் பெற்றோமே தவிர, அந்த மேசையின்மேல் கட்டணம் எவ்வளவு, கெடு எத்தனை நாள் என்று எழுதித் தொங்கவிடும்படி கேட்கவில்லை. இவ்வாண்டு அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம். பெற்றோர் நாற்பத்திருவர் கையெழுத்திட்டிருக்கின்றனர். கைந்நாட்டு வைத்தவர்களும் அவர்களுள் உண்டு. முதற் கைந்நாட்டு, சூளையில் கல் சுமக்கும் அந்தத் தாயினுடையது.